ஆச்சி வந்து திறக்கட்டும்

அந்தச் சாவி ஐந்து மாதம் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. வேறு யாருடைய மேசையிலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இனி நான் திட்டப்போகிற ஆட்களின் வரிசையைப் பார்த்துவிட்டு, இவள் மட்டும் பெரிய யோக்கியமாக்கும் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் காரைக்குடியில் ஓர் உதவிபெறும் பெண்கள் பள்ளியில் எழுத்தர். பிள்ளைகளின் சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், மாதாந்திர வருகைச் சுருக்கம், மேலிடத்துக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்பதும் எனக்குத்தான் தெரியும். ஆய்வகச் சாவிக்குச் சிவப்பு நூல், நூலகத்துக்குப் பச்சை நூல் என்று நானே கட்டி வைத்திருப்பேன். இந்தச் சாவிக்கு மட்டும் நான் நூல் கட்டவில்லை. மஞ்சள் தடவிய நூலில் கோத்து, ஒரு பொட்டுக் குங்குமமும் வைத்து, தாம்பாளத்தில் கொண்டுவந்து கொடுத்தார் பள்ளிச் செயலர். கக்கூஸ் சாவியை.

சிரிக்க வேண்டாம். அன்றைக்கு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கழிப்பறை இருந்தது. ஐந்து அறை. அதில் இரண்டுக்குத்தான் கதவு. நாற்றம் பத்தாம் வகுப்பு வரைக்கும் வரும். ஆனாலும் இருந்தது. நாட்டரசன்கோட்டையில் பிறந்து, எங்கள் பள்ளியில் படித்து, கல்யாணமாகி மலேசியாவுக்குப் போன ஓர் ஆச்சி, தான் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று ஆள்விட்டுக் கேட்டார். கலையரங்கம் கட்டலாம், நுழைவாயில் வளைவு கட்டலாம் என்றெல்லாம் இங்கிருந்து யோசனை போனது. ஆச்சி ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார். பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டுங்கள். அந்த அம்மாளுக்கு இருந்த அறிவில் கால்வாசி எங்களுக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

கோடை விடுமுறையில் பழையதை இடித்தார்கள். ஐப்பசியில் புதியது முடிந்தது. பன்னிரண்டு அறைகள். வெள்ளை ஓடு, கை கழுவத் தொட்டி, கண்ணாடி, உயரத்தில் தண்ணீர்த் தொட்டி. வாசலில் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் ஆச்சியின் பெயர், அவருடைய கணவர் பெயர், செயலரின் பெயர். குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். பூட்டு.

ஐப்பசியிலேயே ஏன் திறக்கவில்லை? ஆச்சி வரவேண்டும். கார்த்திகையில் வருவார் என்றார்கள், வரவில்லை. மார்கழியில் நல்ல காரியம் கூடாது. தை பிறந்தால் வழி பிறக்கும். தையில் ஆச்சிக்குத் தோதுப்படவில்லையாம், மாசி மகத்தை ஒட்டி வருவார் என்றார்கள். நடுவில் ஒரு நாள் பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் தலைமையாசிரியை மட்டும் கொஞ்சம் தயங்கிக் கேட்டார், பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள், திறந்துவிட்டு, விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று.

செயலர் பதறிப்போனார். "என்னம்மா பேசுறீக? புது வீட்டுல பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி யாரும் புழங்குவாகளா? கட்டிக் கொடுத்த மகராசி வந்து பாக்குறப்ப, ஊரு பூரா போய் அசிங்கம் பண்ணி வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? ஆச்சி வந்து திறக்கட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் மரியாதை தெரிந்த மனிதர். எங்கள் ஊரில் கொடுத்தவரை மறக்க மாட்டார்கள். அன்னதானம் போட்டாலும், மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும், அதை முதலில் அவர் கையால் தொட்டு வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். நல்ல வழக்கம்தான். மின்விசிறிக்கு நல்ல வழக்கம்.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் பேசினார்கள். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். ஆனால் கழிப்பறை வாசலில் விளக்கேற்றலாமா, தெய்வக் குற்றம் ஆகாதா? முக்கால் மணி நேரம் பேசி, விளக்கை மைதானத்தில் மேடை போட்டு ஏற்றுவது, ரிப்பனை மட்டும் இங்கே வந்து வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதியது நான்தான். விளக்கு எங்கே வைப்பது என்று எழுதினேன். அந்த முக்கால் மணி நேரமும் வெளியே அறுநூறு பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதவில்லை. எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றவும் இல்லை.

எங்களுக்கென்ன வந்தது? ஆசிரியைகளுக்கும் எனக்கும் அலுவலகத்துக்குப் பின்னால் தனிக் கழிப்பறை இருந்தது. பக்கத்துத் தெருவில் வீடு இருக்கிற பிள்ளைகள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவிட்டு வந்தார்கள். ரொம்ப முடியாத பிள்ளைகள் வகுப்பாசிரியையிடம் கெஞ்சி, அவர் முகம் சுளித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் எங்கள் கழிப்பறைக்கு வரலாம். பதினாறு வயதுப் பிள்ளை நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று அந்தச் சீட்டைக் கேட்குமா? நீங்கள் கேட்பீர்களா? பஸ்ஸில் வருகிற பிள்ளைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி சுலபமானது. தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்.

காலையில் கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டி சாயங்காலம் அப்படியே நிறைந்து வீட்டுக்குப் போகும். நான் பார்த்திருக்கிறேன். வருகைச் சுருக்கம் போடும்போது ஒரே பிள்ளைக்கு மாதாமாதம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு விழுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு இருந்தது, பத்துப் பன்னிரண்டாக ஆனது. ஏனென்று ஒரு பெண்ணுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டிப் போட்டேன், கையெழுத்து வாங்கினேன், அனுப்பினேன்.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழி இருந்தது. நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம்? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றுக்காகத்தான் என் அக்காவும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு போனோம். சோறு போட்டதும் பள்ளிக்கூடம் நிறைந்தது என்று இன்றைக்கும் மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறார்கள். நிறைந்தது உண்மைதான். உண்ட சோறு எங்கே போகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பையன்கள் சுவரோரம் நின்றார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கண்மாய்க்கரை. என் அக்கா பெரிய மனுஷி ஆனதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். யார் கேட்டாலும் வீட்டில் 'பள்ளிக்கூடம் தூரம்' என்றுதான் சொன்னார்கள். ஒன்றரை மைல் தூரம். அதே தூரத்தில் இருந்த வயலுக்கு அவள் தினமும் போனாள்.

அப்படித் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒரு பிள்ளையிடம் வருகிறேன்.

பதினோராம் வகுப்பு. கண்டரமாணிக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். காலை ஆறரைக்கு வீட்டை விட்டால் இரண்டு பஸ் மாறி ஒன்பதுக்கு வருவாள். சாயங்காலம் வீட்டுப் படியேற ஆறரை ஆகிவிடும். பன்னிரண்டு மணி நேரம். கறுத்து, ஒல்லியாக, ஈர்க்குச்சிக்குப் பாவாடை கட்டினாற்போல இருப்பாள். ஆனால் தொண்டையைத் திறந்தால் மைதானத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அவள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். அம்மா நூறு நாள் வேலை, அப்பாவுக்குச் செங்கல் சூளையில் கூலி. ஒரு தம்பி. பிளஸ் டூ முடித்துச் சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேசுகிற பேச்சுக்கு ஜெயித்திருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சிவகங்கையில் மாவட்டப் பேச்சுப்போட்டி வந்தது. தலைப்பைக் கேளுங்கள்: 'அடிப்படைத் தேவைகளும் சமூக முன்னேற்றமும்.' தமிழாசிரியை எழுதிக் கொடுத்த உரையை நான்தான் தட்டச்சு செய்தேன். நல்ல உரை, குறை சொல்ல முடியாது. பசித்தவனிடம் தத்துவம் பேசாதே என்று தொடங்கும். சிந்துவெளியில் வீட்டுக்கு வீடு குளியலறை வைத்தவர்கள் மனிதர்கள். நம்முடைய சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் மண்ணைத் தோண்டினால் செங்கல் வடிகாலும் உறைகிணறும் வருகின்றன. ரோமாபுரியில் ஊருக்குப் பொதுவாகக் குளியல் மண்டபம். லண்டன் பட்டணம் நாற்றம் தாங்காமல் பூமிக்கடியில் சாக்கடை போட்ட பிறகுதான் காலரா ஓடியது. எந்த நாட்டில் சோறும் தண்ணீரும் ஒதுங்க இடமும் எல்லோருக்கும் கிடைத்ததோ, அந்த நாட்டில்தான் பள்ளிக்கூடம் நிறைந்தது, பெண் வெளியே வந்தாள். இப்படியே போகும். கடைசி வரியில் கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தில் நின்று அவள் இதைச் சொல்லிப் பழகுவாள். அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே சிவப்பு ரிப்பன் தெரியும். கீழடி வடிகாலுக்குக் கையை நீட்டும்போது அவள் கை அந்த ரிப்பனைத்தான் காட்டும். எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது.

ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள். "ஏன்க்கா, கீழடியில பொம்பளைக எங்குட்டுப் போயிருப்பாக?"

"போய் ஒங்க தமிழம்மாவைக் கேளு. எங்கிட்ட வந்து கேக்குறா பாரு" என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. சிரித்ததில் கீறி ரத்தம் வந்தது. நாக்கால் துடைத்துக்கொண்டாள். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கிறது என்று என் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. டீ கொடுத்தேன். அதுவும் வேண்டாமென்றாள்.

"குடிச்சா வந்துரும்க்கா. பஸ்ஸுல முடியாது."

பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, அந்தச் சாவி ஒங்ககிட்டத்தான இருக்கு? நான் மட்டும் ஒரு தடவை போயிட்டு, தண்ணி ஊத்திக் கழுவிட்டு வந்துர்றேன். யாருக்கும் தெரியாது."

இழுப்பறை என் முழங்கைக்குக் கீழே இருந்தது. எட்டிக்கூட எடுக்க வேண்டாம். எங்கள் கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கலாம், அதற்கும் பத்தடிதான். எனக்கு எழுதி முடிக்க ஒரு கடிதம் இருந்தது. இவளை ஒருத்தியை விட்டால் நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்றும் தோன்றியது. நிற்கட்டுமே! நின்றால் என்ன, பள்ளிக்கூடம் இடிந்தா விழுந்துவிடும்? இதெல்லாம் இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது இதுதான்.

"இம்புட்டு நாள் இருந்துட்ட. இன்னும் ஒரு மாசந்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. ஆச்சி வந்து திறக்கட்டும்."

சரிக்கா என்றாள். மறுபடி பசித்தவனிடமிருந்து தொடங்கினாள்.

போட்டிக்கு நான்கு நாள் இருந்தபோது அந்தத் தாழ்வாரத்திலேயே விழுந்தாள். லண்டன் வரைக்கும் வந்திருந்தாள். தூணைப் பிடித்தாள், பிடித்தபடியே சரிந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. பல் கிட்டிப்போய் நடுங்கியது. நானும் உடற்கல்வி ஆசிரியையும் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் கிருமி ஏறி, சிறுநீரகம் வரைக்கும் போயிருந்தது. இடுப்பைத் தொட்டாலே கத்தினாள். மைதானம் தாண்டிக் கேட்கும் அந்தக் குரலில் கத்தினாள்.

டாக்டர் வயதில் சின்னப் பெண். எங்களைத் தனியே கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதேன்னு நம்ம ஊர்ல பழமொழியே இருக்கு. நீங்க பள்ளிக்கூடம்தானே நடத்துறீங்க? ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு பிள்ளை அடக்கியிருக்கு. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல. இதே மாதிரி உங்க பள்ளிக்கூடத்துல இருந்து இது எத்தனாவது பிள்ளைன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்."

உடற்கல்வி ஆசிரியை, புதிது கட்டியிருக்கிறோம் டாக்டர், சீக்கிரம் திறந்துவிடுவோம் என்றார். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போட்டிக்கு இன்னொரு பிள்ளையை அனுப்பினார்கள். அதே உரை, அதே கீழடி, அதே ரோமாபுரி. மூன்றாம் பரிசு. சான்றிதழுக்குச் சட்டம் போட்டுத் தலைமையாசிரியை அறையில் மாட்டியிருக்கிறார்கள். அந்த அறைக்குள் போகும்போது நான் அந்தச் சுவர்ப்பக்கம் பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன நான்காம் நாள் அவளுடைய அம்மா வந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு, கையில் ஒரு மஞ்சள் பை. நான் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"டீச்சரம்மா, பிள்ளைக்கு டீசி குடுங்க. இனிமே அனுப்பலை."

அவருக்கு, பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பெண் எல்லாம் டீச்சரம்மா. நான் படபடவென்று பேசினேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை, இப்படிப் பாதியில் நிறுத்தினால் வாழ்க்கையே போய்விடும், பிளஸ் டூ மட்டும் முடிக்கட்டும். கடைசியில், "புது பாத்ரூமை நான் இன்னைக்கே திறந்து விடுறேன்ம்மா. சாவி எங்கிட்டத்தான் இருக்கு" என்று இழுப்பறையைத் திறந்து அந்தச் சாவியை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

அந்த அம்மா சாவியைப் பார்த்தார். மஞ்சள் நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குத் திறக்க முடியும்னா முந்தி எதுக்குத் திறக்கலை?"

சாவியைத் திரும்ப இழுப்பறையில் போட்டேன்.

"நான் படிக்காதவ டீச்சரம்மா. பள்ளிக்கூடம்னா அங்க வாத்தியார் இருக்காகளா, பொஸ்தகம் குடுப்பாகளான்னு கேக்கத் தெரிஞ்சுது. எம்பிள்ளை ஒண்ணுக்குப் போறதுக்கு எடம் இருக்கான்னு கேக்கத் தெரியாமப் போச்சு. அது ஏந்தப்புதான். இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னியே போயிரும்னு டாக்டரு சொல்லுது. எனக்கு உசுரோட பிள்ளை வேணும். எழுதிக் குடுங்க."

எழுதினேன். பதிவேட்டில் 'பள்ளியை விட்டு நீங்கும் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை அதில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பூட்டு என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் என் பெயரை எழுத வேண்டும். 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன். அப்படித்தான் எழுதுவது வழக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையேதான் எழுதியிருக்கிறேன். பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பெற்றோர் விருப்பம்தான். இத்தனை பெற்றோருக்கும் அப்படி என்ன விருப்பம் வந்துவிட்டதென்று மேலிடத்திலிருந்து ஒருவரும் கேட்டதில்லை.

அந்த அம்மா தெருவில் இறங்கிப் போன பிறகு, ஆச்சிக்குப் போன் போட்டேன். அழைப்பிதழ்க் கோப்பில் எண் இருந்தது. செயலரைக் கேட்கவில்லை, தலைமையாசிரியையைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது யார்மேல் என்றில்லாமல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கிழவி வந்து ரிப்பன் வெட்டுகிற அழகுக்காக ஒரு பிள்ளையின் படிப்பு போச்சே என்று நினைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்தினேன். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன்.

ஆச்சி எடுத்தார். குரல் நடுங்கியது. நான் இன்ன பள்ளிக்கூடம், நீங்கள் எப்போது வருகிறீர்கள், மாசி மகத்துக்கா என்று கேட்டேன்.

"நானா? நான் எங்குட்டு வர்றது? எனக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாக. அதை அப்பவே சொல்லிட்டேனே ஆத்தா, என்னை எதிர்பாக்க வேணாம்னு. வந்தா வர்றேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். பிள்ளைக நல்லாப் புழங்குதுகளா? தண்ணி வருதா?"

இன்னும் திறக்கவில்லை என்றேன்.

"திறக்கலையா? இன்னும் கட்டலையா?"

கட்டி ஐந்து மாதம் ஆச்சு ஆச்சி, நீங்கள் வந்து திறக்க வேண்டுமென்று பூட்டி வைத்திருக்கிறோம் என்றேன். வந்தது பாருங்கள் ஒரு சத்தம். நடுக்கம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் பூட்டச் சொன்னேனா? எவன் சொன்னான் பூட்டச் சொல்லி? அந்தப் பள்ளிக்கூடத்துல நான் படிச்சப்ப கக்கூஸே கெடையாதுடி. ஒருநாள் அடக்க மாட்டாம வகுப்புலயே போயி, அன்னையோட என் படிப்பை நிறுத்துனாக. எட்டாவதோட. இங்க மலேயாவுல பெட்ரோல் போடுற எடத்துல இருக்கு, கோயில்ல இருக்கு, சந்தையில இருக்கு. எங்குட்டுப் போனாலும் பொம்பளை மனுசி மாதிரி நடக்கலாம். நம்ம பிள்ளைக அந்த மாதிரி இருக்கட்டும்னுதானே கேட்டேன்? எனக்குக் கல்லுல பேரு கேட்டேனா? என் பேரைச் சொல்லியா பூட்டி வச்சிருக்கீக? உருப்படுவீகளா நீங்க?"

நான் கொடுக்க நினைத்ததெல்லாம் எனக்கே வந்து சேர்ந்தது. வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல நினைத்து, சொல்லாமல் வைத்துவிட்டேன். அந்த வயதில் அந்த அம்மாளுக்கு அதையும் எதற்குக் கொடுக்க வேண்டும்?

யோசித்துப் பாருங்கள். கொடுத்தவர் கேட்காத மரியாதை. வாங்குகிறவர் கேட்டது கிடைக்கவில்லை. நடுவில் நாங்கள் பத்துப் பேர், யாரும் கேட்காத ஒன்றைக் காபந்து பண்ணிக்கொண்டு ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தோம். ஒரு போன் போட்டுக் கேட்க ஒருத்திக்குத் தோன்றவில்லை. பெரிய மனுஷியிடம் போய்க் கக்கூஸ் பேச்சு எடுப்பதா என்று வெட்கம். இந்த வெட்கத்தைக் கொண்டுபோய்க் கொள்ளிக்கட்டையில் வைக்க.

மத்தியான இடைவேளை மணி அடித்தது. என் மேசையில் காகிதம் வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே போய் ரிப்பனை வெட்டினேன். பூட்டைத் திறந்தேன். பன்னிரண்டு கதவையும் விரியத் தள்ளி வைத்தேன். பிள்ளைகள் தூரத்தில் கூட்டமாக நின்று பார்த்தார்கள், கிட்டே வரவில்லை. திட்டு விழுமோ என்ற பயம். "என்னத்த வேடிக்கை பாக்குறீக? வாங்கடி!" என்று கத்தினேன். முதலில் ஆறாம் வகுப்புச் சின்னஞ்சிறுசுகள் இரண்டு ஓடிவந்தன. அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில் என்னையே தள்ளிவிட்டார்கள். மணி அடித்த பிறகும் வரிசை குறையவில்லை.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். அனுமதியின்றிப் பள்ளிச் சொத்தைக் கையாண்டதற்காக. மெமோவைத் தட்டச்சு செய்ய வேண்டியவளும் நான்தான் என்பதால் நானே அடித்து, நானே வாங்கிக்கொண்டேன். ஆச்சி அதற்குள் செயலருக்கும் போன் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்டரமாணிக்கம் பஸ் ஏறி அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தாயிற்று, திரும்ப அனுப்புங்கள் என்று கேட்டேன். அவள் அப்பா, "ஆகட்டும், பாப்போம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு இல்லை என்று அர்த்தம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் குறை சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போனேன். "எல்லாரும் போறாகளாக்கா?" என்று மட்டும் கேட்டாள். போகிறார்கள் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன ஆடியில் தள்ளுபடிக்கு ஒரு புடவை எடுக்கலாமென்று காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பெரிய கடைதான். மேலே புதிதாக ஒரு மாடி எடுத்திருந்தார்கள். சுங்குடிப் பகுதியில் சீருடைப் புடவை கட்டி நின்றுகொண்டிருந்த பெண், "வாங்கக்கா" என்றாள். குரலில்தான் கண்டுபிடித்தேன்.

கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். நன்றாகப் பேசினாள். வந்து எட்டு மாதம் ஆகிறதாம். தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறானாம். உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள், முதலாளி நல்ல மாதிரி என்றாள். புடவைகளை விரித்துக்கொண்டே பேசினாள். வெயிலில் வந்திருக்கீகளே என்று, வாடிக்கையாளர்களுக்கு வைத்திருக்கும் குளிர்ந்த தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்து நீட்டினாள். உதட்டைப் பார்த்தேன். வெடித்திருந்தது.

"நீ குடிச்சியா?"

அவள் புடவையை மடித்தாள்.

"ஏன்டி, ஒன்னைத்தான் கேக்குறேன். தண்ணி குடிக்கிறியா இல்லையா?"

"கடையில லேடீஸுக்கு இல்லைக்கா. அடுத்த தெரு காம்ப்ளெக்ஸ் பாத்ரூமுக்குப் போகணும். ஆடியில கூட்டமா இருக்கா, விட மாட்டாக. சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய்க் குடிச்சுக்குவேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "அக்கா, வேணாம்க்கா. ஒண்ணும் கேக்காதீக. வேலை போயிரும்க்கா."

நான் எழுந்து கல்லாவுக்குப் போனேன். அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். முதலாளியின் மகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். என்னைத் தெரியும். "வாங்க வாங்க, இங்குட்டு உக்காருங்க. என்ன எடுத்தீக?" என்று எழுந்து நின்றார். பொம்பளைப் பிள்ளைகள் முப்பது பேர் நிற்கிறார்களே, அவர்களுக்கு ஏன் ஒரு கழிப்பறை இல்லை என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டேன் போலிருக்கிறது, நாலு பேர் திரும்பினார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகச் சிரித்தார்.

"அது இல்லாமயா? மேல கட்டி முடிச்சாச்சு. ரெண்டு, டைல்ஸெல்லாம் போட்டு ஜம்முனு இருக்கு. ஆடி நடக்குதுல்ல? ஆவணி பொறக்கட்டும். கோவிலூர்க் கோயில்ல நாள் குறிச்சுக் குடுத்திருக்காக. நல்ல முகூர்த்தம் பாத்து மாடியோட சேத்துத் திறந்துருவோம்."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டத்தான். ஏன்?"

கையை நீட்டினேன். விளையாடுகிறேன் என்று நினைத்து மறுபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கையை மடக்கவும் இல்லை. கல்லா முன்னால் ஆள் சேர்ந்துகொண்டே வந்தது. ஆடிக் கூட்டம். ஒரு வயதான அம்மா, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "அடப் பாவி" என்றார் அந்த அம்மா, முதலாளியைப் பார்த்து. அவர் முகம் சிவந்தது. கல்லாவுக்குக் கீழே இழுப்பறையை இழுத்து, துழாவி, ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். இந்தத் தடவை என்னிடம் அவள் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். ஆனால் அவள் வாங்கவில்லை. சாவியைப் பார்த்தாள், பிறகு திரும்பி முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். அவர் சரியென்று சொல்வாரா என்று காத்துக்கொண்டு நின்றாள். ரோமாபுரியும் லண்டனும் பேசிய பிள்ளை.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க என்னத்தடி பாக்குற?" என்றேன். "போ."